கிணற்று மோட்டாரின் வரலாறும் அதன் காவலும்



எங்கள் தோட்டத்துக் கிணற்றின் மேல்கரையில் இரண்டு கற்றூண்கள் இன்றும் நிற்கின்றன. அவை என் பாட்டனார் காலத்துக் கவலைக் கால்கள். உருளையும் வடமும் சாலும் போய் நெடுங்காலமாயிற்று. இடக்காலில் இப்பொழுது மோட்டாரின் ஸ்டார்ட்டர்ப் பெட்டி மாட்டப்பட்டுள்ளது. தமிழாசிரியன் ஒருவன் மோட்டாரைப்பற்றி எழுதப் புகுந்தது யாது கருதியோ என்று வினவுவோர்க்கு அத்தூணையே விடையாகக் காட்டுவேன். நம்மவருள் பெரும்பாலோர் கிணற்றை நம்பி வாழ்ந்த குடும்பத்தினர்; இன்றும் பலர் அங்ஙனமே வாழ்கின்றனர். ஒரு குடும்பத்தின் வரலாற்றை எழுதுவோர் அதன் கிணற்றை விடுத்து எழுதுதல் இயலாது. அக்கிணற்று மின்சாரத்தால் ஓர் ஆளை இழந்த இல்லங்களும் நம்மிடையே உள்ளன.

கவலை இறைத்த காலத்தில் நீரேற்றும் தொழில் முழுமையும் கண்ணெதிரே நடந்தது. எருதுகள் சரிவில் இறங்கின, வடம் இழுபட்டது, சால் மேலே வந்தது, தும்பியின் வாய்வழியாக நீர் தொட்டியிற் கொட்டிற்று. வடம் நைந்தால் ஓட்டுபவன் கண்டான். உருளை தேய்ந்தால் அதன் ஓசையே அதனைச் சொல்லிற்று. அஃது இடரற்ற தொழில் என்று யான் கூறவில்லை. வடம் அறுந்து ஆளும் எருதும் இடருற்றதுண்டு. ஆயினும் வரவிருக்கும் இடர் முன்னரே கண்ணுக்கும் செவிக்கும் எட்டியது. அதற்குப்பின் வந்த பொறிகள் ஒவ்வொன்றும் கிணற்றுள் ஒருபடி கீழே இறங்கின; இறங்குந்தோறும் நம் பார்வையினின்று மறைந்தன. அம்மறைவுக்கு ஏற்ப நம் காவலும் இடம் மாறியிருத்தல் வேண்டும். அது மாறியதா என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

மின்சாரம் நம் பக்கத்துக் கிணறுகளை அடைந்த வழியை முதலிற் காண்போம். நீலகிரியிற் பிறக்கும் பைக்காரா ஆற்றின் நீரை மூவாயிரம் அடி அளவினதான உயரத்தினின்று குழாய்வழியே வீழ்த்தி மின்சாரம் எடுக்கும் வேலை 1929-ஆம் ஆண்டிலே தொடங்கப்பெற்று, 1932-ஆம் ஆண்டிலே பயன் தந்தது. அத்திட்டம் நிறைவேறுதற்கு அந்நாளில் சென்னை அரசாங்கத்திலே பொறுப்பு வகித்த சர் சி. பி. இராமசாமி ஐயர் அவர்கள் பெரிதும் துணைநின்றார்கள். மேட்டூர் மின்நிலையம் 1937-லும், பாபநாசம் மின்நிலையம் 1944-லும் தொடர்ந்து வந்தன. கோயம்புத்தூர் ஆலைகளுக்கென வந்த கம்பி, ஆலையோடு நில்லாது தோட்டங்களுக்கும் நீண்டது. 1937-ஆம் ஆண்டில் அந்நகரத்திலேயே திரு. டி. பாலசுந்தரம் நாயுடுவும் திரு. ஜி. டி. நாயுடுவும் மோட்டார் ஒன்றைச் செய்து முடித்தனர். இந்தியாவிற் செய்யப்பட்ட முதல் மின்மோட்டார் அதுவே என்பர். கம்பியும் பொறியும் ஒருங்கே கிடைத்தமையின் கவலைகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன.

தொடக்கத்தில் மோட்டார் கிணற்றின் கரைமேல் இருந்தது. அங்கேயே அஃது இருந்திருக்கலாகாதோ எனின், இயற்கை அதற்கு இடந்தரவில்லை. உறிஞ்சு குழாயில் நீர் மேலேறுவது பம்பின் வலிமையால் அன்று. வெளிக்காற்றின் அழுத்தம் நீரைத் தள்ளுவதனாலேயே அஃது ஏறுகின்றது. அவ்வழுத்தம் ஏற்றவல்ல உயரம் 34 அடிக்கு மேற்படாது. இவ்வுண்மையை இத்தாலி நாட்டு டாரிசெல்லி என்பார் பதினேழாம் நூற்றாண்டிலேயே விளக்கிவிட்டார். குழாயிலும் வால்விலும் நேரும் இழப்புப் போக, நடைமுறையிற் கிட்டுவது 20 அல்லது 25 அடியே. எனவே நீர்மட்டம் கீழே போகப்போக மோட்டாரும் அதனைப் பின்தொடர்ந்து இறங்குதல் இன்றியமையாததாயிற்று. கிணற்றின் நடுப்பக்கத்தே பாறையைக் குடைந்து மேடை அமைத்து அதன்மேல் மோனோபிளாக் பம்பு செட்டை வைத்தனர். யான் சிறுவனாயிருந்த 1980-களில் எங்கள் மோட்டார் அங்ஙனமே இருந்தது. நள்ளிரவிற் கரண்டு வந்தால் என் தந்தையார் கையில் அரிக்கன் விளக்குடன் நாற்பது படி இறங்கிச் சென்று அதனை ஓட்டிவிட்டு வருவார். ஐப்பசி மழையில் நீர் பெருகினால், மோட்டார் மூழ்குமுன் அதனைச் சங்கிலி கட்டி மேலே இழுத்தல் ஊர்முழுதும் நடக்கும் ஒரு பெருவேலை. நீர் பட்டால் காயில் எரிந்துபோம் என்பதே அக்காலத்து அச்சம்.

நீர் படலாகாத மோட்டாரை நீருக்குள்ளேயே வாழவைத்தவர் யாவர் என்பதை அறிதற்கு நம்மூர்க் கிணற்றை விட்டுச் சிறிது அயல்நாடு செல்லல் வேண்டும். மூன்று பேஸ் மின்சாரத்தில் ஓடும் கூண்டுச் சுழலி மோட்டாரை 1889-ஆம் ஆண்டில் ஜெர்மனியிலிருந்த தோலிவோ-தொப்ரொவோல்ஸ்கி என்னும் பொறியாளர் உருவாக்கினார். அதனுட் சுழலும் உறுப்புக்குக் கம்பிவழியாக மின்சாரம் ஊட்டவேண்டுவதில்லை. ஆதலின் உரசும் பிரஷ் இல்லை, தீப்பொறியும் இல்லை. நீருக்குள் இறங்குதற்குரிய தகுதி இவ்வகையாற் பிறந்தது. டிபிலிசி நகரிலே 1893-ஆம் ஆண்டிற் பிறந்த ஆர்மேனியரான அருத்தூனோவ் என்பார், துளைக்குள் இறங்கத்தக்க ஒடுங்கிய நெடிய மோட்டாரை எண்ணெய் நிரப்பிச் செய்தார். உருசியாவை விட்டு ஜெர்மனிக்குப் போந்து, 1923-இல் அமெரிக்கா சேர்ந்தார். அவருடைய பொறி 1920-களின் பிற்பகுதியில் அந்நாட்டு எண்ணெய்க் கிணறுகளில் வேலை செய்யத் தொடங்கிற்று. 1930 முதல் அவர்தம் தொழிற்சாலை ஒக்லஹோமா மாநிலத்துப் பார்ட்டில்ஸ்வில் என்னும் ஊரில் ரேடா என்ற பெயரால் நடைபெற்றது. குடிநீர்க் கிணற்றிலோ எண்ணெய் கசிதல் ஒவ்வாது. ஜெர்மனியில் பிலெய்கர் என்பாருடைய நிறுவனம் நீர் நிரப்பிய மோட்டார்களைச் செய்து பெயர் பெற்றது. அமெரிக்காவில் பிராங்க்ளின் நிறுவனம் 1950-ஐ ஒட்டி, நீரையே மசகாகக் கொள்ளும் மோட்டாரைச் சிறு கிணறுகளுக்கும் ஏற்றதாக்கிற்று.

இப்பொறியின் உள்ளமைப்பை அறியாதார் அதனை மேலிருக்கும் மோட்டாரைப் போலவே நடத்திப் பாழாக்குவர். மேலே பம்பு, கீழே மோட்டார், இடையே நீர் புகும் சல்லடை: இதுவே அடுக்கு. மோட்டாருக்குள் நல்ல நீர் நிரம்பியிருத்தல் வேண்டும். சுற்றியுள்ள கம்பி பிளாஸ்டிக் உறை பூண்டது. ஆதலின் நீரிலே நனைந்தும் கெடுவதில்லை. தண்டின் பளு முழுமையும் அடியிலுள்ள திரஸ்ட் பேரிங்கின்மேல் நிற்கிறது; அதற்கு மசகு அந்நீரே. நீர் நிரப்பாமலும், நிரப்பிக் காற்றுக் குமிழியை வெளியேற்றாமலும் இறக்கப்பட்ட மோட்டார் விரைவிற் கெடும். உடம்பைக் குளிர்விப்பதும் அதன் பக்கவாட்டில் மேலேறும் நீரேயாம். சேற்றில் அடி புதைந்த மோட்டாரும், நீர் வற்றியபின் ஓடும் மோட்டாரும் வெந்துபோகும். ஆழ்துளைக்கெனச் செய்த மோட்டாரை அகன்ற கிணற்றில் இறக்குவோர் அதனைச் சுற்றி ஓர் உறைக்குழாய் இடுதல் வேண்டும். இல்லையேல் நீர் உடம்பைத் தழுவாமலே மேலிருந்து சல்லடைக்குட் புகும்.

நம் பக்கத்துக்கு இது வந்தது ஆழ்துளைக் கிணற்றைத் தொடர்ந்தேயாம். மக்கள் அதனைப் 'போர்' என்பர். செந்தமிழிற் போர் என்பது பகைவரொடு பொருவதும் களத்தில் வைக்கோல் குவிப்பதுமாம். மூன்றாவதாக இப்பொருளும் சேர்ந்துவிட்டது. முதற்பொருளுக்கு இது வெகுதூரமும் அன்று. திருச்செங்கோட்டுத் துளைப்பொறி லாரிகள் ஊரூராகச் சென்று பாறையைத் துளைத்தன. முதலில் கம்ப்ரசர் கொண்டு காற்றை உட்செலுத்தி நீரை மேலே தள்ளினர். பின்னர்க் கோயம்புத்தூர்த் தொழிற்சாலைகள் நீர்மூழ்கி மோட்டாரைப் பெருவாரியாகச் செய்ய, கம்ப்ரசர்கள் பெரும்பாலும் ஓய்ந்தன. 1984-இல் சிறு உழவர்க்கும் 1990-இல் ஏனை உழவர்க்கும் தமிழக அரசு மின்சாரத்தைக் கட்டணமின்றி வழங்கிற்று. இன்று தமிழ்நாட்டில் இருபது லட்சத்துக்கு மேற்பட்ட உழவர் இணைப்புகள் உள்ளன. நீர்மட்டமோ சிற்சில இடங்களில் ஆயிரம் அடிக்கும் கீழே சென்றுவிட்டது. கட்டணமில்லா மின்சாரத்தால் உழவர் பெற்ற நன்மையை மறுப்பார் யான் அல்லேன். அதனொடு வந்த ஒரு சிறு குறையை மட்டும் குறிக்கின்றேன். பில் தொகை ஏறினால், எங்கோ கரண்டு கசிகின்றதோ என்று வீட்டுக்காரன் ஐயுறுவான். பில்லே இல்லாத இடத்தில் அவ்வையத்துக்கு இடமில்லை. நீர் வந்துகொண்டிருந்தால் மோட்டார் நன்றாயிருக்கிறதென்றே கொண்டோம்.

மற்றொரு மாறுதல் ஓசையின்றி நிகழ்ந்தது. யான் இக்கட்டுரை எழுதுதற்கு அதுவே முதற்காரணம். முன்னர் மோட்டாரைத் தாங்கி நின்றவை இரும்புக் குழாய்கள். மோட்டாரின் உடம்பும் குழாயும் மேலுள்ள கிளாம்பும் ஒரே உலோகத் தொடராயிருந்தன. மேலே ஓரிடத்தில் எர்த்து கம்பியைப் பிணித்தால் அடியிலுள்ள மோட்டார்வரை அது சென்றது. அறியாமலே நமக்கு அமைந்திருந்த காவல் அது. பின்னர் விலை மலிவும் எடைக் குறைவும் கருதிப் பிளாஸ்டிக் குழாய்கள் வந்தன. துருவும் இல்லை; தூக்குதலும் எளிது. ஆனால் பிளாஸ்டிக் மின்சாரத்தைக் கடத்தாது. மோட்டாரின் உடம்பினின்று தனியே ஓர் எர்த்து கம்பியைக் குழாயோடு கட்டி மேலே கொணர்ந்தாலன்றி, அவ்வுடம்புக்கும் மேலுள்ள எர்த்துக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. குழாயை மாற்றினோர் பலர். கம்பியைச் சேர்த்தோர் சிலரே.

சட்டம் இதனைச் சொல்லாமல் விட்டதன்று. 1910-ஆம் ஆண்டு இந்திய மின்சாரச் சட்டத்தின்கீழ் 1956-இல் வகுக்கப்பட்ட விதிகளுள் 61-ஆம் விதி, நிலையாக அமைந்த மோட்டார் ஒவ்வொன்றின் உடம்பும் இருவேறு தனி இணைப்புகளால் நிலத்தொடு பிணிக்கப்படவேண்டும் என்றது. ஒன்று அறுந்தால் மற்றொன்று காக்கும் என்பது கருத்து. அப்பொறுப்பு உடையவனுக்கே என்றும் அவ்விதி கூறிற்று. 2003-இல் புதுச் சட்டம் வந்தபின் 2010-இல் அமைந்த பாதுகாப்பு ஒழுங்குமுறைகளிலும் இக்கருத்து நிலைத்தது. மோனோபிளாக் காலத்தில் இரண்டு எர்த்துக் குழிகளைத் தோண்டிக் கரியும் உப்பும் இட்டு நீரூற்றி வளர்த்த பெரியோர்களை யான் கண்டிருக்கிறேன். மோட்டார் கண்ணினின்று மறைந்தபின் குழிகளும் காய்ந்தன.

2009-ஆம் ஆண்டில் எங்கள் ஊரில் நிகழ்ந்த ஒன்றை இனிச் சொல்லுகின்றேன். இறந்தவர் எனக்குச் சிற்றப்பன் முறையினர். அவருடைய திறந்த கிணற்றில் நீர்மூழ்கி மோட்டார், பிளாஸ்டிக் குழாய், தனி எர்த்து கம்பி இல்லை. நீர் குறைவாக வருகிறதென்று அதனை மேலே எடுக்கத் துணிந்தார். அந்நேரம் ஊரிற் கரண்டு இல்லை. 'கரண்டு வருமுன் எடுத்துவிடலாம்' என்று இரண்டு ஆட்களொடு இறங்கினார். ஸ்டார்ட்டரில் ஆட்டோ சுவிட்சு போட்டபடியே இருந்தது. பீஸ் கட்டைகளும் பெட்டிக்குள்ளேயே இருந்தன. மோட்டாரை நீர்மட்டத்துக்கு மேல் தூக்கி, ஈரப்படியில் நின்று, அவர் அதனைக் கையால் அணைத்துப் பிடித்த அக்கணத்திற் கரண்டு வந்தது. ஆட்டோ தன் வேலையைச் செய்தது.

காயிலின் உறை முன்னரே ஓரிடத்தில் கிழிந்திருந்ததெனப் பின்னர் மோட்டாரைப் பிரித்தபோது தெரிந்தது. எனில் பல நாள் அது கசிந்துகொண்டே ஓடியிருத்தல் வேண்டும். அக்காலமெல்லாம் ஒருவர்க்கும் தெரியாதது எங்ஙனம்? மோட்டார் மூழ்கியிருந்தவரையில் கசிந்த மின்சாரம் சூழ்ந்த நீர்வழியே நிலத்துட் பாய்ந்தது. நீரைவிட்டு வெளிவந்ததும் அவ்வழி அற்றது. எஞ்சிய வழி பிடித்திருந்த மனிதர் உடம்பு ஒன்றே. எர்த்து கம்பி இருந்திருப்பின் மின்சாரத்தின் பெரும்பகுதி அதன்வழி ஓடியிருக்கும். அக்கிணற்றில் கோடை விடுமுறையில் என் மாணவர் சிலர் நீந்துவதுண்டு. கசிவுள்ள மோட்டார் கிடக்கும் நீரில் இறங்குவோர்க்கு அந்நீரே பகை.

பீஸ் போயிருக்க வேண்டாவோ என்று அன்று பலர் கேட்டனர். பீஸ் கம்பி காப்பது காயிலையும் கேபிளையுமே, மனிதனை அன்று. ஐந்து குதிரைத்திறன் மோட்டார் ஒரு பேசில் ஏறத்தாழ ஏழரை ஆம்பியர் இழுக்கும். அமெரிக்காவிற் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் சார்லஸ் டால்சீல் என்பார், மனிதன் பிடித்த கம்பியைத் தானே விடமுடியாதபடி செய்யும் மின்னோட்டத்தைப் பலரிடம் அளந்து பார்த்தார். ஆடவர்க்குச் சராசரி 16 மில்லி ஆம்பியர்; பெண்டிர்க்கு அதனினும் குறைவு. மோட்டார் இழுப்பதில் இது 470-இல் ஒரு பங்கு. இத்துணைச் சிறு அளவைப் பீஸ் கம்பி உணருமாறு எங்ஙனம்? நம்மூர்களில் பீஸ் அடிக்கடி போகிறதென்று நான்கைந்து செம்பிழைகளை முறுக்கிப் போடும் வழக்கம் வேறு. டால்சீல் 1961-இல் ஒரு கருவி அமைத்தார். செல்லும் மின்னோட்டமும் மீளும் மின்னோட்டமும் வேறுபட்டால், வேறுபட்ட பங்கு எங்கோ கசிகின்றதென்று கொண்டு அக்கருவி அக்கணமே இணைப்பை அறுக்கும். ஆஸ்திரியாவிலும் அதற்குச் சிறிது முன்னதாகவே இத்தகைய கருவிகள் தோன்றின. இன்று கடைகளில் ஆர்.சி.சி.பி. என்று விற்பது இவ்வினத்தது. மனித உயிர் கருதுவோர் 30 மில்லி ஆம்பியருக்குரியதை வாங்குவர். நீண்ட கேபிளும் பழைய மோட்டாரும் உள்ள இடத்தில் அது அடிக்கடி விழும். 'தொல்லை' என்று அதனைக் கழற்றி எறிந்த ஒருவரை யான் அறிவேன். அவர் மோட்டாரை எடுத்துப் பார்த்தபோது கேபிள் இணைப்பில் நீர் இறங்கியிருந்தது.

அவ்விணைப்பே இப்பொறியின் மிக மெலிந்த இடம். மோட்டாரின் சிறு கேபிளையும் மேலிருந்து வரும் நெடுங்கேபிளையும் சேர்க்குமிடம் நீருக்குட் கிடக்கும். மூன்று பிரிகளையும் ஒரே நேரில் வைக்காது ஏற்றத்தாழ்வாக வெட்டிச் சேர்த்து, ஒவ்வொன்றையும் தனித்தனியே நீர்புகா டேப்பாற் பல சுற்றுச் சுற்றி, பின்னர் மூன்றையும் ஒன்றாகச் சுற்றுவர் கைதேர்ந்த தொழிலாளர். சூட்டிற் சுருங்கும் உறையும் இப்பொழுது கிடைக்கிறது. சேர்த்த இணைப்பை ஒரு வாளி நீரில் ஊறவைத்து மெக்கர் கொண்டு அளந்த பின்னரே இறக்கல் வேண்டும். மெக்கர் என்பது இங்கிலாந்தில் 1903-இலேயே பெயர் பெற்ற கருவி. கைப்பிடியைச் சுழற்றினால் 500 வோல்ட்டு எழுப்பி, காயிலுக்கும் உடம்புக்கும் இடையே உறை எவ்வளவு தடுக்கிறதென்று காட்டும். ஒரு மெகாஓமுக்குக் கீழே முள் இறங்கினால் அம்மோட்டார் கிணற்றுக்குரியதன்று, பட்டறைக்குரியது. கேபிளைப் பிடித்து மோட்டாரைத் தூக்குவோரும் உளர்; இணைப்பு விரிவது அங்ஙனமே. தூக்குதற்கு வேறு கயிறு வேண்டும்.

இரும்புக் குழாய் இன்னும் வைத்திருப்போர்க்கு ஓர் எச்சரிக்கை. இருபதடிக் குழாயை நிமிர்த்துங்கால் அண்ணாந்து பார்த்தல் வேண்டும். கிணற்றுக்கு மேலாகவோ அருகாகவோ மின்கம்பி செல்லுமாயின், மின்வாரியத்தாரிடம் சொல்லி அதனை நிறுத்திய பின்னரே முக்காலியை நாட்டலாம். கிணற்றைப் பார்த்தபடியே குழாயை உயர்த்திக் கம்பியில் தொடுவித்து மாண்டவர் பலர்.

இரண்டு பேஸ் மட்டும் உள்ளபொழுது கண்டன்சர் வைத்து ஓட்டும் வழக்கத்தைப்பற்றி விரிக்கின் பெருகும். அது காயிலைச் சுடவைத்து உறையை நைவிக்கும் என்பதே ஈண்டு அமையும்.

கவலை ஓட்டியவன் கிணற்றின் வாயில் நின்றான். மோனோபிளாக் ஓட்டியவன் கிணற்றுக்குள் இறங்கினான். நீர்மூழ்கி மோட்டார் வந்தபின் ஸ்டார்ட்டரைத் தொட அவன் கரைவரை வந்தாற் போதுமாயிற்று. ஆட்டோ சுவிட்சு அதனையும் ஒழித்தது. இப்பொழுது செல்பேசியின் வழியாக மோட்டாரை ஓட்டும் கருவி பரவிவிட்டது. நகரத்தில் வேலைபார்க்கும் மகன் அங்கிருந்தே தோட்டத்து மோட்டாரைப் போடுகிறான். அவ்வேளை கிணற்றில் தந்தை இறங்கியிருக்கிறாரா என்பது அவனுக்குத் தெரியாது. ஆகவே பெட்டியின் மெயினை இறக்கினாலும் போதாது; பீஸ் கட்டைகளைக் கழற்றிக் கையோடு கொண்டு செல்லுதல் ஒன்றே அத்தகைய வீட்டாருக்குத் தக்க காவல். வைத்துவிட்டுப் போனால் மற்றொருவன் மாட்டிவிடுவான்.

சென்ற மாசியில் எங்கள் மோட்டாரை மேலே எடுத்தோம். மெக்கர் முள் ஒன்றரையில் நின்றது. பட்டறைக்காரர் 'இன்னும் ஒரு கோடை தாங்கும்' என்றார். தாங்கவேண்டாம் என்று காயில் மாற்றிக் கட்டச் சொன்னேன். புதுக் காயில் ஐம்பதுக்கு மேற் காட்டிற்று. எட்டாம் நம்பர் ஜி.ஐ. கம்பியை மோட்டார் உடம்பின் திருகாணியிற் பிணித்துக் குழாய் நெடுகக் கட்டிக்கொண்டு இறக்கினோம். தூணின் அடியில் என் பாட்டியார் துளசி வைத்திருந்த இடத்துக்கு அருகே ஒரு குழியும், பத்தடி தள்ளி மற்றொரு குழியும் தோண்டினோம். அன்று பகல் முழுதும் மூன்று பீஸ் கட்டைகளும் என் மகனின் சட்டைப்பையில் இருந்தன. எர்த்து கம்பி இரண்டும் பெட்டியில் ஏறிய பின்னரே அவற்றை அவனிடமிருந்து வாங்கினேன்.